மதுரைக்குப் போன இரண்டு கூடைகள்: சமையலும் பேக்கிங்கும் பிடித்த நண்பர்களுக்கான அன்பளிப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

கொடுப்பவர்கள் சென்னையில் இருக்கும் ஐந்து நண்பர்கள். பெறுபவர்கள் மதுரையில் வாடகை மாடிவீட்டில் குடியிருக்கும் ஒரு தம்பதி. கணவர் சமைப்பவர், செட்டிநாட்டு வகைகளில் கை தேர்ந்தவர். மனைவிக்கு கேக், பன், பிஸ்கட். திருமண நாள் மே மாதம். ஆளுக்கு 800 ரூபாய் போட்டால் 4,000 சேர்கிறது, கொரியர் செலவும் அதற்குள் முடிய வேண்டும். முதல் ஆண்டு போன கூடை பார்க்க அழகாக இருந்தது, அடுப்படியில் ஏறக்குறைய எதற்கும் உதவவில்லை. அடுத்த மே மாதம், அதே பணத்துக்கு, அதே வீட்டுக்குப் போன கூடை ஒரே வாரத்தில் பாதி காலியானது. மாதமும் ஊரும் பணமும் மாறாததால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

முதல் கூடையில் இருந்தவை

கைப்பிடி வைத்த உயரமான பிரம்புக் கூடை. அதற்குள் 9-க்கு 13 அங்குல அலுமினியத் தட்டு ஒன்று, கோகோ வெண்ணெய் மிகுந்த கூவர்ச்சர் வகைச் சாக்லேட் 200 கிராம் கட்டி இரண்டு, சில்லறையில் வாங்கிய மைதா ஒரு கிலோ, அரை லிட்டர் நெய் பாட்டில், ஆறு வகை மசாலாப் பொடிப் பொட்டலங்கள், 50 கிராம் பெருங்காய டப்பா, வெளிநாட்டு மார்ஷ்மெல்லோ ஒரு பாக்கெட், 24 வடிவ பிஸ்கட் அச்சு, வெனிலா எசென்ஸ், கோகோ பவுடர். இடைவெளிகளில் வைக்கோல். மேலே கண்ணாடித் தாள், சிவப்பு ரிப்பன்.

போய்ச் சேர்ந்தபோது சாக்லேட் உருகி, மறுபடி இறுகி, சாம்பல் பூத்திருந்தது. நெய் கசிந்து கூடையின் அடிப்பகுதியிலும் மைதாப் பையிலும் ஊறியிருந்தது. மைதாவைப் பிரித்தால் பெருங்காய வாடை, கோகோவிலும் அதே வாடை. தட்டு அவர்கள் வீட்டு 19 லிட்டர் ஓடிஜிக்குள், அதாவது சின்ன மின்சார அவனுக்குள், நுழையவில்லை. மார்ஷ்மெல்லோ பாக்கெட்டில் அசைவத்தைக் காட்டும் பழுப்பு முக்கோணக் குறி. அது சைவ வீடு, கேக்குக்குக்கூட முட்டை சேர்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேல், கூடையின் எடை 5 கிலோதான், கொரியரில் 16 கிலோவுக்குக் கட்டணம் வாங்கிவிட்டார்கள்.

இதில் துரதிர்ஷ்டம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் பொருள் வாங்கும்போதே தவிர்த்திருக்கலாம்.

எது ஏன் கெட்டது

சாக்லேட்டில் தொடங்கலாம். கூவர்ச்சர் வகையில் இருக்கும் கொழுப்பு கோகோ வெண்ணெய், கிட்டத்தட்ட 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மே மாத மதுரையில் நிழலிலேயே அதைத் தாண்டும், கொரியர் வண்டிக்குள் கேட்கவே வேண்டாம். உருகிய கோகோ வெண்ணெய் தானாக ஆறும்போது பழைய படிக அமைப்புக்குத் திரும்பாது. கொழுப்பு மேலே வந்து வெள்ளைப் படலமாகப் படியும். பலர் இதைப் பூஞ்சை என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறார்கள். அது பூஞ்சை இல்லை. உருக்கி கேக்கிலோ, கிரீமோடு கலக்கும் கனாஷிலோ சேர்த்தால் சுவையில் குறை தெரியாது, கட்டியாகக் கடித்துத் தின்னத்தான் நன்றாக இருக்காது. காம்பவுண்ட் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் வெயிலைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் பேக்கிங்கில் ஊறியவருக்கு அதைக் கொடுப்பது, காபிப் பிரியருக்குச் சிக்கரி மட்டும் வாங்கிக் கொடுப்பது போல. மார்ச்சிலிருந்து ஜூன் வரை கட்டிச் சாக்லேட்டை மறந்துவிட்டு நல்ல கோகோ பவுடர் அனுப்புவதே புத்திசாலித்தனம்.

கோகோ வாங்கும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் இரண்டு வகை இருக்கிறது. இயற்கை கோகோ வெளிர்பழுப்பு, லேசான புளிப்பு உள்ளது, சோடா உப்போடு சேர்ந்து பொங்கும். காரம் சேர்த்துப் பதப்படுத்திய 'டச்' வகை கருமையானது, அதில் புளிப்பு போயிருக்கும், பேக்கிங் பவுடரோடுதான் சரிவரும். சோடா போடச் சொல்லும் செய்முறைச் சீட்டோடு டச் கோகோவை அனுப்பினால் கேக்கில் மிஞ்சிய சோடாவின் சோப்பு வாடை வரும். பாக்கெட்டின் பின்புறம் சேர்மானப் பட்டியலில் காரப்பொருளோ அமிலத்தன்மைச் சீராக்கியோ எழுதியிருந்தால் பெரும்பாலும் அது டச் வகைதான்.

பெருங்காயம் இந்தக் கூடையின் உண்மையான வில்லன். சாதாரண பாலித்தீன் பை ஈரத்தைத் தடுக்கும், வாசனையைத் தடுக்காது. மைதா, கோகோ, தேயிலை, காபிப்பொடி எல்லாம் பக்கத்தில் இருப்பதன் வாடையை இழுத்துக்கொள்ளும் பொருள்கள். இரண்டு நாள் மூடிய பெட்டிக்குள் வெக்கையில் சேர்ந்து கிடந்தால் பெருங்காயம்தான் ஜெயிக்கும். வாசனையை நிறுத்துபவை கண்ணாடி, தகர டப்பா, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய பை, இம்மூன்றுதான். சமைப்பவருக்கும் பேக் செய்பவருக்கும் ஒரே கூடை போடும்போது இந்தப் பிரிவினை கட்டாயம். மசாலா ஒரு பக்கம், மாவும் கோகோவும் இன்னொரு பக்கம், நடுவில் கண்ணாடி ஜாடி. பெருங்காயம் ஏற்கெனவே எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதை விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

நெய்க்கும் வெயில்தான் காரணம். குளிரில் உறைந்த நெய்யை வாய்வரை நிரப்பி மூடினால், உருகி விரியும்போது மூடியின் மரை வழியே வழியும். கட்டாயம் அனுப்ப வேண்டுமென்றால் இரண்டு விரல் இடம் விட்டு நிரப்பி, வாயில் தாள் வைத்து மூடி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தனிப் பைக்குள் வைத்து, நிமிர்ந்த நிலையில் கட்ட வேண்டும். கொரியரில் 'நிமிர்ந்த நிலை' என்று ஒன்று கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊத்துக்குளி நெய் நேரில் போகும்போது கையோடு கொண்டுபோகும் பொருள்.

சில்லறை மைதாவில் வாடை மட்டும் பிரச்சினை இல்லை, வண்டின் முட்டையும் இருக்கலாம். பொட்டலத்தை அப்படியே ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்தெடுத்தால் முட்டை செத்துவிடும். எடுத்தவுடன் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பனி வேர்த்து மாவு கட்டிப்படும். உண்மையில் ஒரு கிலோ மைதா அனுப்பவே தேவையில்லை. அது தெருமுனைக் கடையில் கிடைக்கிறது.

கட்டணம் 16 கிலோவுக்கு ஏறியது ஏன்? பல கொரியர்களில் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்த எண்ணை ஒரு எடையாக எடுத்துக்கொள்வார்கள். அதுவும் தராசு எடையும் எது கூடுதலோ அதற்குக் காசு. கைப்பிடிக் கூடைக்காகப் போட்ட அட்டைப்பெட்டி 48 × 38 × 45. பெருக்கினால் 82,080, வகுத்தால் 16.4. ஐந்து பேரும் பணம் போட்டது கைப்பிடிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த காற்றுக்கு.

24 அச்சுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவற்றில் இரண்டு பயன்படும், மீதி அலமாரியில் துருப்பிடிக்கும்.

இரண்டாவது கூடை தொடங்கிய இடம்

முதல் கூடையைக் கடையில் கண்ணில் பட்டதை வைத்துக் கட்டினார்கள். இரண்டாவது முறை, ஒருவர் அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது நாலு விஷயங்களைப் பேச்சுவாக்கில் கேட்டு வைத்தார். அடுப்பு என்ன, எத்தனை லிட்டர்? முட்டை உண்டா? தராசு இருக்கிறதா, டம்ளரில் அளக்கிறார்களா? எது தீர்ந்தால் வாங்கச் சிரமப்படுகிறார்கள்? பதில்கள்: 19 லிட்டர் ஓடிஜி, முட்டை இல்லை, டம்ளர்தான், நல்ல கல்பாசியும் பருமனான ஏலக்காயும் கிடைப்பதில்லை.

இந்த நாலு பதிலிலேயே கூடை பாதி கட்டியாகிவிட்டது. ஆளுக்கு ஒன்றாக இரண்டே பதார்த்தங்கள் முடிவாயின: முட்டையில்லாத காபி சாக்லேட் கேக், செட்டிநாட்டுக் காளான் வறுவல். அந்த இரண்டுக்கும் வேண்டியதில் வீட்டில் இல்லாதது மட்டும் கூடைக்குள் போகும். வேறு எது எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே.

கேக் ஜாடி

அரை லிட்டர் கண்ணாடி ஜாடிக்குள் ஒரு கேக்குக்கான உலர் கலவை. அளவு 7 அங்குல வட்ட டின்னுக்கு.

மைதா 115 கிராம்
வெள்ளைச் சர்க்கரை 120 கிராம்
இயற்கை கோகோ பவுடர் 15 கிராம்
உப்பு 2 கிராம்
சோடா உப்பு 3 கிராம், தனிப் பொட்டலமாக

வீட்டில் சேர்க்க வேண்டியவை: எண்ணெய் 50 மி.லி., வினிகர் 10 மி.லி., ஃபில்டர் டிகாக்‌ஷன் 50 மி.லி., தண்ணீர் 95 மி.லி. உலர் கலவையைச் சோடாவோடு சேர்த்துச் சலித்து, ஈரப்பொருள்களை ஊற்றி, மாவு மறையும் வரை மட்டும் கலக்கி, தாமதிக்காமல் அடுப்பில் வைக்க வேண்டும். 175 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். வினிகரும் சோடாவும் சந்தித்ததுமே பொங்கல் தொடங்கிவிடுவதால், மாவைக் கலந்து வைத்துவிட்டுப் பிறகு அடுப்பை மூட்டினால் கேக் அடையாக வரும்.

பரிசு ஜாடிகளில் வழக்கமாகச் செய்யும் இரண்டு தவறுகளை இதில் தவிர்த்திருக்கிறார்கள். ஒன்று, நாட்டுச் சர்க்கரை. அடுக்கடுக்காக ஜாடியில் பார்க்க அழகு. ஆனால் அதில் ஈரம் உண்டு, பக்கத்து மைதாவைக் கட்டியாக்கி, சோடாவையும் முன்கூட்டியே வேலை செய்ய விட்டுவிடும். இரண்டு, சோடாவை மாவோடு கலந்து அடைப்பது. கொஞ்சம் ஈரம் பட்டாலே சோடா கடுகளவு கட்டிகளாகும். சலிக்காமல் போட்டால் வெந்த கேக்கில் ஆங்காங்கே மஞ்சள் புள்ளியும் கசப்பும். காகிதப் பொட்டலத்தை ஜாடியின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

7 அங்குல டின் எப்படி வந்தது என்று கேட்கலாம். இந்தக் கேக்கை வழக்கமாக 8 அங்குலச் சதுரத் தட்டுக்கு 190 கிராம் மைதா வைத்துச் செய்வார்கள். சதுரத்தின் பரப்பு 64 சதுர அங்குலம், 7 அங்குல வட்டத்தின் பரப்பு 38.5. ஆக 0.6 மடங்கு. எந்தச் செய்முறையையும் வேறு டின்னுக்கு மாற்ற இந்தக் கணக்கே போதும், உயரம் ஒன்றாக இருக்கும்வரை. சின்ன ஓடிஜியில் டின்னுக்கும் சுவருக்கும் நடுவே எல்லாப் பக்கமும் இரண்டு விரல் இடம் வேண்டும். அதில்லாமல் 9 அங்குல டின்னைத் திணித்தால் ஓரம் கருகி நடு வேகாது.

கருவிகள் இரண்டே இரண்டு

7 அங்குல கேக் டின் போக, 5 கிலோ வரை ஒரு கிராம் துல்லியம் காட்டும் டிஜிட்டல் தராசு, அடுப்புக்குள் தொங்கவிடும் வெப்பமானி. இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 1,000 ரூபாய். கூடையின் கால்வாசிப் பணம் இதற்குப் போனது, போனது நியாயம்தான். ஒரு கப் மைதாவைத் தளர்வாக அள்ளினால் 120 கிராம், அமுக்கி அள்ளினால் 150-ஐத் தொடும். கேக் ஒரு நாள் பஞ்சு, ஒரு நாள் கல் என்பதற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி அடுப்பு. சின்ன ஓடிஜிகளின் குமிழில் 180 என்று வைத்தால் உள்ளே 180 இருக்கும் என்பது நம்பிக்கை மட்டுமே.

தராசை அனுப்பும் முன் சோதிக்க எடைக்கல் தேட வேண்டாம். இரு உலோகப் பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை 7.71 கிராம். பத்து நாணயம் வைத்தால் 77 காட்ட வேண்டும். கடைக்காரர்கள் வாங்கத் தயங்கும் அந்த நாணயத்துக்கு இப்படியும் ஒரு பயன்.

கத்தி வாங்கலாம் என்று ஒருவர் சொல்லி, மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள். கூர்மையானதைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று நினைக்கும் வீடுகள் நிறைய. நல்லெண்ணெயும் அப்படி, கையால் கொடுப்பதை விரும்பாதவர்கள் உண்டு. நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடத்தில் அந்தப் பொருளைத் தவிர்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

மசாலாப் பொட்டலம்

முதல் கூடையில் போன ஆறு பொடிகளும் சமைக்கத் தெரிந்தவருக்கு ஒருவகையில் அவமரியாதை. வறுத்து அரைப்பதே அவருக்கு இன்பம். அரைத்ததுமே வாசனை எண்ணெய் பறக்கத் தொடங்கிவிடும். முழுதாக இருந்தால் காற்றுப்புகாத டப்பாவில் ஓராண்டு வரை தாங்கும். எனவே இந்த முறை ஒரு வறுவலுக்கு ஒன்றாக மூன்று பொட்டலம், எல்லாம் முழு மசாலா. அரை கிலோ காளானுக்கு ஒரு பொட்டலம்:

மல்லி 12 கிராம், மிளகு 5 கிராம், சோம்பு 5 கிராம், சீரகம் 4 கிராம், கசகசா 5 கிராம், சுருள் பட்டை 2 கிராம், கிராம்பு 4, ஏலக்காய் 3, அன்னாசிப்பூ 1, மராட்டி மொக்கு 1, கல்பாசி அரை கிராம், மிளகாய் வற்றல் 8.

கல்பாசியை எடை போட்டுத்தான் வைக்க வேண்டும். பஞ்சு போல இருப்பதால் கை அதிகமாக அள்ளிவிடும், கூடினால் கசக்கும். வாங்கியதும் தட்டில் பரப்பி மரப்பட்டைத் துணுக்குகளையும் மணலையும் பொறுக்க வேண்டும். கசகசா, கல்பாசி இரண்டையும் பொட்டலத்துக்குள் ஒரு குட்டித் தாளில் தனியாக மடித்து வைத்தார்கள். மற்றவை குறைந்த தீயில் மூன்று நான்கு நிமிடம் வறுபட, இவை கடைசி அரை நிமிடத்தில்தான் வாணலிக்குள் வர வேண்டும். எல்லாம் கலந்து கிடந்தால் பிரிக்க முடியாது.

பட்டையில் சொல்லவேண்டியது: மளிகைக் கடையில் 'பட்டை' என்று கேட்டால் பெரும்பாலும் தடித்த, ஒற்றை வளைவுள்ள காசியாதான் கிடைக்கும். இலங்கையிலிருந்து வரும் சுருள் பட்டை மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுங்கும், மணம் இனிப்பாக இருக்கும், காசியாவில் அதிகமுள்ள, அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆகாத கூமரின் இதில் மிகக் குறைவு. கேக்குக்கும் பன்னுக்கும் இதுதான் பொருத்தம். ஆகவே வறுவலுக்கு வைத்தது போக ஐம்பது கிராம் தனியாகவும் போனது, அந்த ஜாடி இருவருக்கும் பொது. ஏலக்காய், ஏல வணிகத்துக்குப் பேர்போன போடிநாயக்கனூர்ச் சரக்கு, 8 மி.மீ. தரம், 50 கிராம். இதோடு உடன்குடிக் கருப்பட்டி அரை கிலோ.

பெட்டியும் கட்டும்

கைப்பிடிக் கூடைக்குப் பதில் மூடி வைத்த தாழ்ந்த பனையோலைப் பெட்டி, 28 × 22 × 14 சென்டிமீட்டர். நேரில் கொடுப்பதென்றால் செட்டிநாட்டுக் கொட்டான் இன்னும் பொருத்தம், சீர் கொண்டுபோகவே பின்னப்படுவது அது. கொரியருக்கு மூடியுள்ள செவ்வகம்தான் வசதி. வெளி அட்டைப்பெட்டி 34 × 28 × 20, ஐந்தடுக்கு அட்டை. கணக்குப் போட்டால் 3.8 கிலோ. உண்மையான எடை 3 கிலோவை ஒட்டி வந்தது. கட்டணம் கால்வாசிக்குக் கீழே இறங்கியது.

வைக்கோல் இல்லை. அதில் தூசியும் பூச்சியும் வரும், கண்ணாடி ஜாடி மோதினால் அமுங்கிவிடும். அதற்குப் பதில் நான்கு பருத்தித் துண்டுகள். ஒவ்வொரு ஜாடியும் ஒரு துண்டில் இறுகச் சுற்றப்பட்டது. சுற்றுவதற்கென்று வாங்கிய பொருளும் அடுப்படிக்கே போய்ச் சேருகிறது, குப்பைக்குப் போவது ஒன்றுமில்லை.

அடியில் தராசு, முகப்புக் கண்ணாடி மேல்நோக்கி இருக்க, அதன்மேல் மடித்த துண்டு. தராசின் மின்கலத்தில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கை இழுக்கவில்லை. அதன்மேல் கேக் டின், டின்னுக்குள் கோகோவும் வெப்பமானியும். டின்னின் வெற்றிடத்தை வீணாக்குவதுதான் பலர் கட்டும்போது செய்யும் பிழை. ஒரு ஓரம் கேக் ஜாடி, எதிர் ஓரம் மசாலா டப்பா. மூடியதும் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினார்கள். சத்தம் கேட்டதால் பிரித்து இன்னொரு துண்டைத் திணித்தார்கள். பிறகு இடுப்பு உயரத்திலிருந்து மெத்தைமேல் அல்ல, தரைமேல் ஒரு முறை போட்டுப் பார்த்தார்கள். கொரியர்க்காரர் அதைவிட மென்மையாக நடந்துகொள்வார் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

மேலே ஒரே அட்டை. ஒரு பக்கம் கேக், மறுபக்கம் வறுவல், எல்லாம் கிராமில். கட்டிய தேதி, கேக் கலவையை எதற்குள் பயன்படுத்த வேண்டும் (இரண்டு மாதம்), கோதுமைப் பொருள் இருக்கிறது என்ற குறிப்பு. எழுதியது பால்பாயின்ட் பேனாவில், ஈரம் பட்டாலும் மை ஓடாது.

என்ன நடந்தது

கண்ணாடி எதுவும் உடையவில்லை, வாடை எதுவும் ஏறவில்லை. கேக் அந்த வாரக் கடைசியிலேயே வெந்தது. வெப்பமானி சொன்ன செய்திதான் பெரிய பலன்: குமிழை 180-இல் வைத்து இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் உள்ளே 160. இவ்வளவு நாளும் நடு வேகாமல் போனதற்குச் செய்முறையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது 175 வேண்டுமென்றால் குமிழை 195-க்குத் திருப்புகிறார்கள். மூன்று மசாலாப் பொட்டலங்களில் இரண்டு அந்த மாதமே தீர்ந்தன.

கெட்டுப்போனது கருப்பட்டி. ஓலையில் சுற்றி, அதன்மேல் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். கருப்பட்டி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், வெக்கையில் இளகும். மேல்பாகம் வேர்த்துத் துண்டோடு ஒட்டிக்கொண்டது. கரைத்து வடிகட்டிப் பணியாரத்துக்குப் பயன்படுத்திவிட்டார்கள், நட்டம் இல்லை. கோடையில் அனுப்புவதென்றால் கருப்பட்டியை ஜாடிக்குள் அடைத்து, உணவுக்கென்று விற்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றும் போட வேண்டும். மழைக்காலத்தில் அனுப்பாமலே இருக்கலாம்.

இதே கூடையைக் கடல் தாண்டி அனுப்ப நினைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் மாற்ற வேண்டும். கசகசாவுக்குச் சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடை இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் விவகாரம், பெறுபவர்தான் மாட்டிக்கொள்வார். பொட்டலத்தில் அதை எடுத்துவிட்டு, சீட்டில் அந்த இடத்தில் 'முந்திரி 6, ஊறவைத்து அரைத்தது' என்று எழுதிவிட்டால் வறுவலின் திடம் அப்படியே இருக்கும்.